செவ்வாய்க்கிழமைக் கடல்

"அங்கயும் தப்பு அடிக்கிறாங்களாங்க," என்று ரொட்டியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள் நிலக்ஷி.

"எங்க புள்ள?"

"கரீபியன் பக்கம். நம்மாளுக மாதிரியே கப்பல்ல கூலிக்குப் போனவங்க. தமிழ் மறந்துருச்சு, தப்பு மேளம் மட்டும் இருக்கு."

"அடிக்கிறவன் பேரு என்ன?"

"பேரு எதுக்கு?"

"சும்மாதான்," என்றான் அவள் கணவன் சுதாகரன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு, கீழே பல்கலைக்கழகத்தில் நிலக்ஷி கரீபியன் இலக்கிய வகுப்பைத் தொடங்கிய அதே நேரம், தலவாக்கலைக்கு மேலே அவர்கள் இருந்த தேயிலைத் தோட்ட லயத்தின் ஐந்தாம் வீடான அவர்கள் வீட்டுக்குள் மட்டும் கடல் வந்தது. முழங்கால் ஆழம், இளஞ்சூடு. ஐந்து மணிக்கு வடிந்துவிட்டது. அடுத்த செவ்வாயும் வந்தது. மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அரிப்புச் சல்லடையோடு வந்து வாசலில் நெத்தலி அள்ளினாள். தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கையா வந்து பார்த்து, தகரம் துருப்பிடிக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்.

சுதாகரனுக்குக் கடல் வந்ததில் வருத்தமில்லை. கட்டில் நனைந்தது, பாய் நனைந்தது, அவன் கால் மட்டும் நனையவில்லை. தண்ணீர் அவனைச் சுற்றி ஒரு சாண் விலகிப் போனது. "கடலுக்கே ஒன்னயப் புடிக்கல, தம்பி," என்று பேச்சியம்மா சிரித்தாள். நான்கு வருடம் இப்படியே போனது. கரீபியன் கதைகளையும் பாட்டுகளையும் நிலக்ஷி நடத்தினாள். சொந்தப் பேச்சை இழந்தவன் தன்னை யாரென்று சொல்லிக்கொள்வான் என்று பிள்ளைகளைக் கேட்டாள். முகம் தெரியாத ஒருவனின் தப்பைக் கைபேசியில் ஒலிக்கவிட்டாள், நாற்பது பேர் குறிப்பெடுத்தார்கள். மாரியம்மன் திருவிழாவில் ஊரையே ஆடவைத்த சுதாகரனின் தப்பு கதவுக்குப் பின்னால் தொங்கியது. அரிசி களையும்போது அவள் அந்த அடியை முணுமுணுத்தாள்.

"மூணாவது அடியில பிந்துறான் அவன்."

"அதுதாங்க அதுல அழகு."

அன்று தேயிலை ஃபெக்டரியிலிருந்து வந்த சுதாகரன் சோறு தின்னவில்லை.

போன செவ்வாய் கடல் தப்பு அடிக்கும் ஒரு அடிகுச்சியைக் கொண்டுவந்து போட்டது. தெரியாத மரம். சுதாகரன் தன் குச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கட்டைவிரல் பதியும் இடம் இரண்டிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. அதற்காகப் பொறாமை தீர்ந்துவிடவில்லை. மறுநாள் காலை இரண்டு குச்சிகளையும் பிடித்துக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றான். வாயைத் திறந்ததுமே, புதன்கிழமை என்றும் பாராமல் தண்ணீர் வாசலேறி வந்து அவன் கணுக்காலை நனைத்தது. நிலக்ஷி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரொட்டியைப் புரட்டினாள்.

"அடுத்த செவ்வா வகுப்புல அந்தாள நிப்பாட்டிட்டு, என்னைய அடிக்கச் சொல்லு புள்ள."