காந்த வில்லை

என் தங்கையின் பெயர் எழுதிய காந்த வில்லை என் வில்லைக்குப் பக்கத்தில் இல்லை. வெள்ளைப் பலகையின் மறுகோடியில், போன வாரம் தொழில் ஜோடி விட்டுப்போன நெட்டையனின் வில்லையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி நாள், மணி பதினொன்று ஐம்பது.

இந்த முதலீட்டு நிறுவனம் தொழில் யோசனையே இல்லாத ஜோடிகளுக்குப் பணம் போடும். ஆள் சரியாக இருந்தால் போதும், தொழில் தானாக வரும் என்பது அவர்கள் கட்சி. பத்து வாரம் மேசையும் சாப்பாடும் தந்து யோசிக்க விடுவார்கள். கடைசி நாள் நண்பகல் பன்னிரண்டு வரை யாரும் ஜோடி மாறலாம். வாய் திறந்து சொல்லக்கூட வேண்டாம், பெயர் எழுதிய வில்லையை நகர்த்தினால் போதும். பன்னிரண்டுக்கு வில்லை தனியாக நின்றாலோ, பலகையிலேயே இல்லாவிட்டாலோ பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்களை எடுத்ததே சண்டைக்காகத்தான். எப்படிச் சண்டை போடுவீர்கள் என்று நேர்காணலில் நிறுவனத் தலைவர் கேட்டார். சின்ன வயதில் இவள் இஸ்திரிப்பெட்டியை எறிந்து கிழித்த என் புருவத்தைக் காட்டினேன். அன்றைக்கும் ஒரே கட்டிலில்தான் படுத்தோம் என்றேன். மனிதர் சிரித்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். மறுநாளே பரிசோதனைக்கூட வேலையை விட்டேன். அம்மா போன பிறகு இவளை வளர்த்தவள் நான். தொழில் கிடக்கட்டும், எனக்கு வேறு ஆளே இல்லை.

வாசலில் நின்ற தங்கையைத் தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடி அறைக்குள், பலகைக்கு முன்னால் இழுத்து வந்தேன்.

"ஒன்பது ஐடியா கொண்டு வந்தேன்க்கா. ஒன்பதையும் நீதான் கொன்ன. ஒண்ணையாவது மூச்சு விட விட்டியா?"

அறைந்தேன். அவள் சொன்னது உண்மை, அதனால் இன்னும் ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. அவள் நாற்காலியைத் தூக்கி என் விலாவில் இறக்கினாள். வெளியே மொத்தக் கூட்டமும் கூடிவிட்டது. நெட்டையன் உள்ளே வரத் தைரியமில்லாமல் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகையிலிருந்து அவள் வில்லையைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டேன். போனால் இருவரும் போவோம். கையைக் கடித்தாள், விடவில்லை. சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தாள். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. கத்திக்கொண்டே தரையில் சரிந்தேன், ஆனால் கையைத் திறக்கவில்லை.

அந்தச் சத்தத்தில் பயந்துபோனது அவள்தான். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் வாய் ரத்தம் என் சட்டையில் சொட்டியது. இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"கையத் தொறக்கா."

"தொறக்க வரலடி."

நிஜமாகவே வரவில்லை, வீங்கிவிட்டது. ஒவ்வொரு விரலாக மெதுவாகப் பிரித்தாள், ஒடிந்ததைக் கடைசியில். வில்லை ரத்தத்தில் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. அதை எடுக்காமல், என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பிப் பலகைக்குக் கூட்டிப்போனாள். என் பெயருக்குப் பக்கத்தில் வில்லை டக்கென்று ஒட்டியது. அப்படியே நின்றாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு என் கையோடு சேர்த்து அதை மறுகோடிவரை இழுத்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு என்றார் தலைவர். வெள்ளைப் பலகையில் என் பெயரிலிருந்து நெட்டையன் பெயர்வரை ஒரு சிவப்புக் கோடு. அவள் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.