பார்க்கக் கூடாதவர்கள்

சீசனின் முதல் மேட்சில் நான் டிவி முன் உட்கார்ந்ததும் விக்கெட் விழுந்தது. அன்றோடு சரி. சென்னை அணி ஆடும் நாளெல்லாம் என் மனைவி கமர் என்னைப் பால்கனிக்குத் துரத்தினாள். டிவியை வாங்கிப் போட்டவனுக்கு இந்த மரியாதை!

எங்கள் திருவல்லிக்கேணிச் சந்தில் எதிர்வீட்டுப் பால்கனி கைக்கெட்டும் தூரம். அங்கே கோமளம் மாமி, அதே குற்றத்துக்காகத் துரத்தப்பட்டு நின்றிருந்தார். ஜன்னல் வழியாக அவர் எங்கள் டிவியைப் பார்த்தார். நான் அவர்கள் வீட்டு டிவியைப் பார்த்தேன். ஒரு பந்தைக்கூட நாங்கள் விடவில்லை.

ஃபைனலில் கடைசிப் பந்தில் ஜெயித்தோம். தெருவே வெடித்தது. கமர் ஓடி வந்து என் வாயில் லட்டைத் திணித்தாள்.

"நீங்க பார்க்காததாலதான் நமக்குக் கப்பு! அடுத்த வருஷமும் இங்கியே நில்லுங்க."

எதிரே கோமளம் மாமி உதட்டில் விரலை வைத்தார்.