படம் போட்ட கூப்பன்

மூன்றாவது சனிக்கிழமையும் நாலு மணிக்குள் பயற்றங்காய் வாடத் தொடங்கியது. ஞானதாசன் அண்ணன் மேலே கிடந்த சாக்கை எடுத்துக் குழாயடியில் நனைத்து வந்து மறுபடியும் போர்த்தினார். ஆலயத்தின் ஓய்வுநாள் பள்ளிக் கொட்டகையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வெண்டை, பாவக்காய், தடியங்காய், மரச்சீனி, நாலு குலை ஏத்தங்காய். எல்லாம் காலையில் அவர் வயலில் பறித்தவை. நானும் என் மாமனாரும் அறுபது குடும்பங்களுக்குக் கூப்பன் கொடுத்திருந்தோம். அதைக் காட்டினால் பாதி விலை. மீதிப் பாதியை, கூப்பனைப் பார்த்து நாங்கள் விவசாயிக்குக் கொடுப்போம். மூன்று வாரத்தில் ஒரு கூப்பன்கூட வரவில்லை. வந்த நாலைந்து பெண்களும் கால் கிலோ, அரைக் கிலோ என்று முழு விலைக்கு வாங்கிப் போனார்கள்.

"மக்கா, அடுத்த வாரம் நான் கருங்கல் சந்தைக்குத்தான் கொண்டு போவேன். கோவிச்சுக்கிடாத. பாட்டத்துக்கு எடுத்த வயலாக்கும். வாடின பயற வச்சு நான் என்ன செய்ய? காணிக்கைப் பெட்டில போடவா?"

"சரிண்ணே."

"ஒனக்கு எல்லாத்துக்கும் சரிதான்" என்றார்.

உண்மைதான். எட்டு மாதமாக அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருக்கிறது. என் மனைவி பிரிஜா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் ஆறாம் நாள் போய்விட்டாள். அவளுக்கு அரசிடமிருந்து வந்த தொகையை என்ன செய்வது என்று மாமா கேட்டபோது, அவள் அடிக்கடி சொன்னதைத்தான் சொன்னேன். இந்த ஊரில் தாய்மார்களுக்கு ரத்தம் இல்லை, கீரையும் பயறும் தின்னச் சொன்னால், 'விலையக் கேட்டியளா சிஸ்டர்?' என்று சிரிக்கிறார்கள் என்பாள். மாமாவுக்கு அது பிடித்துப்போனது. யேசுரத்தினம் சார் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கூப்பன்ல எனக்க மவளுக்க மொகம் இருக்கணும்." சரி என்றேன். நான் வேலை பார்ப்பது அச்சகத்தில். நாங்கள் அடிப்பதில் பாதி, இறந்தவர்களின் நினைவு அட்டை. பத்து நிமிடத்தில் வடிவமைத்துவிட்டேன். நடுவில் அவள் படம், மேலே பெயர், கீழே எண். முதல் மாதம் என்பதால் குடும்பத்துக்கு ஒன்றுதான் கொடுத்தோம். அதைத் தந்தபோது பெண்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

பெஞ்சைக் காலிசெய்யத் தொடங்கியபோது லீலாபாய் வந்தார். அண்டி ஆபீஸில் முந்திரி உடைப்பவர். விரல் நுனிகள் தோல் உரிந்து கறுத்திருந்தன. கால் கிலோ வெண்டைக்குச் சில்லறையை நீட்டினார்.

"கூப்பன் கொண்டுவரல்லியா?" என்றேன்.

"வீட்ல இருக்கு."

"மறந்திட்டியளா?"

"மறக்கல்ல."

ஞானதாசன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "பின்ன என்ன, உப்பு போட்டு ஊற வச்சிருக்கியா? நான் இஞ்ச காக்கா வெரட்டீட்டு நிக்கேன்."

"பைபிளுக்குள்ள வச்சிருக்கேன்" என்றார் லீலாபாய். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "சிஸ்டருக்க படத்தக் குடுத்திட்டு பாவக்கா வாங்கச் சொல்லுதியளா? இவரு அத ரப்பர் பேண்ட் போட்டு நிக்கர் பாக்கெட்டுல வைப்பாரு. வேர்வையில ஊறும். எனக்க பிள்ளைக்கு மொதல் ஊசி போட்டது அவியளாக்கும். அவிய படம் எங்களுக்கு வேற ஏது?"

"மத்தவங்க?"

"எல்லாரும் அப்பிடித்தான். இசபெல் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கா."

ஞானதாசன் அண்ணன் தன் பாக்கெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் வீட்டில் அவள் படம் இல்லை. இருந்ததை மாமா கேட்டார், கொடுத்துவிட்டேன். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. அறுபது வீடுகளில் அவள் இருக்கிறாள், அதனால் அந்த அறுபது வீடுகளிலும் பயறு இல்லை என்பதை நான் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாக்கிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.

"படத்த மட்டும் வெட்டி எடுத்து வச்சுக்கிடுங்க" என்றேன். "மிச்சத்தக் கொண்டு வாங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"அது செல்லுமா?"

"நம்பர் இருந்தா எனக்கு மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் ஞானதாசன் அண்ணன். "ஒரு வாரம் கூட பாப்பேன். அதுக்குமேல இல்ல, கேட்டியா?"

அன்று சாயங்காலமே மாமா போன் செய்தார். ஊரில் செய்தி நடந்து போவதில்லை.

"அவளுக்க மொகத்த வெட்டச் சொன்னது நீயா?"

"ஆமா மாமா."

"வேற யாராவது சொன்னாங்களா, நீதானா?"

"நான்தான்."

 போனை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் அவர் அழைக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருபவர், தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் பின்கழுத்தில் சரியாக மழிக்காமல் விட்ட நரை தெரிந்தது.

நாலாவது சனிக்கிழமை மூன்று மணிக்கே வரிசை மணிக்கூண்டைத் தாண்டியது. ஞானதாசன் அண்ணன் எடைபோட்டபடியே கத்திக்கொண்டிருந்தார். "ஏட்டி, வெண்டையை ஒடிச்சுப் பாக்காத. ஒனக்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா பாக்குத?" பெண்கள் சிரித்தார்கள். பயறு முதலில் தீர்ந்தது. கூப்பன்களை நான் வாங்கினேன். ஒருவர் கத்தரியால், ஒருவர் பிளேடால், ஒருவர் விளிம்பை நனைத்து மடித்துக் கையாலேயே எடுத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு ஓட்டை.

கூட்டம் குறைந்தபோதுதான் ஒன்றைச் சரியாகப் பார்த்தேன். அந்தப் படம் எங்கள் கல்யாண வரவேற்பில் எடுத்தது. அவளை மட்டும் பிரித்தெடுத்தபோது என் தோள் கொஞ்சம் சேர்ந்து வந்திருந்தது, அப்படியே விட்டிருந்தேன். பெண்கள் அவள் உருவத்தை மட்டும், முடியும் பூவும் சிதையாமல், சுற்றி வெட்டி எடுத்திருந்தார்கள். ஓட்டையின் வலது ஓரத்தில் என் கோட்டின் கறுப்பு மிச்சமிருந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

ஒன்றை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஓட்டையில் கொட்டகையின் வாசல் தெரிந்தது, வெளியே வெயில் தெரிந்தது. நிரம்பிய பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு லீலாபாய் படியிறங்கினார். அவர் ஓட்டையைக் கடந்துபோன பிறகும் நான் கையை இறக்கவில்லை.