பாதி தீர்ந்ததும் திரும்பும் சைக்கிள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து பாய்லர்காரன் செத்து இருபதாம் நாள், மாலை ஐந்தே முக்காலுக்கு, அவனுடைய சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் தானாக வேலைக்குக் கிளம்பியது. ஜன்னலோரம் மெஷினில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி, பெடல்கள் ஆளில்லாமல் சுற்றுவதையும், வாசல் பள்ளத்துக்கு ஹேண்டில்பார் வழக்கம்போல் இடப்பக்கம் ஒதுங்கிக்கொடுப்பதையும் பார்த்தாள். ஊசியில் நூல் அறுந்திருந்ததால் முதலில் நூலைக் கோத்தாள். ஏழு மணிக்கு அது திரும்பி வந்தது. மறுநாளும் போனது. முதல் வாரம் தெருவே வாசலில் நின்று பார்த்தது. இரண்டாம் வாரம் பாதித் தெரு. மூன்றாம் வாரம் “சைக்கிள் போயாச்சா?” என்று கேட்டுக்கொண்டு உலை வைக்கிற அளவுக்கு அது பழகிப்போயிற்று. அவளுக்கு மட்டும் ஒரு கவலை. சைக்கிளில் விளக்கு இல்லை. விளக்கு இல்லாமல் ஒரு முறை போனதே போதாதா என்று அவள் நினைத்தாள்.

அவன் செத்ததும் அதனால்தான். குடோன் பக்கத்து வளைவில், விளக்கு ஏற்றலாமா வேண்டாமா என்று வானமே யோசிக்கிற நேரத்தில், ஒரு லாரி அவனைப் பார்க்கவில்லை. நகராட்சி விசாரணை நடத்தி மூன்று வரியில் முடித்தது. வளைவில் தெருவிளக்கு எரியவில்லை என்பது உண்மையே. சைக்கிளிலும் விளக்கு இல்லை என்பது அதைவிட உண்மை. ஆகவே குற்றம் எவருடையதும் அல்ல. ஆணையர் கையெழுத்து மட்டும் அறிக்கையின் கால்பக்கத்தை அடைத்திருந்தது.

உண்மையில் விளக்கு தயாராகத்தான் இருந்தது. பால்பவுடர் டப்பாவை வெட்டி, உள்ளே தகடு ஒட்டி, முன்னுக்கு வெள்ளை எல்இடி, பின்னுக்குச் சிவப்பு, நடுவில் சுவிட்ச், ஒயர் என்று எல்லாவற்றையும் இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்திருந்தான். பாக்கி பேட்டரி மட்டும். அதைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டான். உலர் செல் போட்டால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஈய பேட்டரி போட்டால் கனம். லித்தியம் போட்டால் சூடாகுமோ என்று பயம். ஒரு நோட்டில் கோடு போட்டு, எடை, நேரம், ஆயுள் என்று எழுதி எழுதி அடித்தான். “பேட்டரி பாக்கறீங்களா, நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா?” என்று அவள் கேட்டபோது, “மாப்பிள்ளைன்னா பரவால்லடி, பேசிப் பாத்துக்கலாம். பேட்டரி பேசாதே” என்றான். சிரித்தார்கள். எட்டாவது மாதம் அவனும் பேசாமல் போனான்.

இந்த ஆராய்ச்சிக்கு அவனுக்கு வாய்த்த குரு வோல்ட் சார். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘மின்கலத் தேர்வு: ஒரு முன்னுரை’ என்று நாற்பத்திரண்டு பக்கம் எழுதி, தானே அட்டை போட்டு, தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தவர். அவர் வீட்டு அழைப்புமணி ஆறு வருடமாக அடிப்பதில்லை. எந்த பேட்டரி போடுவது என்பதில் அவருக்கு இன்னும் தெளிவு வரவில்லை. வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். எட்டு மாதமும் ஞாயிறுதோறும் பாய்லர்காரனும் தட்டினான். “அவசரப்படக் கூடாது. சாமான்யன் அவசரப்படுவான், அறிவியல் அவசரப்படாது” என்று சொல்லி, கரும்பலகையில் புதிதாக ஒரு கணக்குப் போட்டு, அதை அவன் நோட்டிலும் எழுதிக் கொடுத்து அனுப்புவார்.

மூன்றாம் மாதம் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. மேற்படி மிதிவண்டி விளக்கின்றி இயங்குவதாகத் தெரியவருகிறது, ஏழு நாட்களுக்குள் விளக்கு பொருத்தத் தவறினால் பறிமுதல் செய்யப்படும் என்று எழுதியிருந்தார்கள். ஓட்டுகிற ஆள் இல்லாததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்கு விதி இல்லை. அவள் அலமாரியிலிருந்து டப்பா விளக்கை எடுத்து, மகளை அனுப்பி நான்கு பென்டார்ச் செல் வாங்கிவரச் சொல்லி, பத்து நிமிடத்தில் மாட்டினாள். எட்டு மாத வேலை பத்து நிமிடத்தில் முடிந்ததும் அவள் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு வந்தபின் சைக்கிளின் போக்கு மாறியது. அதுவரை சலவைக்கூடத்துக் கேட்டைத் தொட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, இப்போது அவன் நோட்டுக்குக் கட்டுப்பட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், ‘எந்த பேட்டரியையும் பாதிக்குமேல் தீர்க்கக் கூடாது’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான். சைக்கிள் அப்படியே நடந்துகொண்டது. பாதி தீரும்வரை போகும். பாதி தீர்ந்ததும், எங்கே இருந்தாலும், திரும்பிவிடும். உயிரோடு இருந்தபோதும் அவன் அப்படித்தான், பாதித் தட்டில் போதும் என்று எழுந்துவிடுகிற ஆள்.

நாலு செல்லில் அது எவ்வளவு தூரம் போகிறது என்று மகள் ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். காலேஜில் படிக்கிறவள், எதற்கும் சட்டென்று கலங்காதவள். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அந்த வளைவு வரைக்கும்தாம்மா போகுது. அதுக்கு அந்தாண்ட போக மாட்டேங்குது.”

“போயி?”

“நிக்குது. அப்பா விழுந்த எடத்துல லைட்ட அடிச்சுக்கிட்டு, எதையோ தொலைச்சவங்க மாதிரி நிக்குது. அப்புறம் வந்துடுது.”

அந்த இடத்தைத் தாண்டிப் போகிற துணிச்சல் நாலு செல்லுக்குக் கிடையாது என்பது அவளுக்குப் புரிந்தது. மறுநாள் கடைவீதிக்குப் போய் பேட்டரிக் கடைக்காரரிடம் கேட்டு, இரண்டரைக் கிலோ ஈய பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து கேரியரில் கயிறு போட்டுக் கட்டினாள். சைக்கிள் முனகிக்கொண்டே கிளம்பி, வளைவைத் தாண்டி, சலவைக்கூடத்தையும் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போனது. அடுத்த நாள் காலையில் சக்கரத்தில் கடல்மணலோடு வந்தது. அந்த ஊரிலிருந்து கடலுக்கு ரயிலில் போனாலே இரண்டு நாள். அவள் துணியை நனைத்து மணலைத் துடைத்தாள். பிறகு கடைக்காரர் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய லித்தியம் செல்களை, மூன்றும் ஒரே அளவாக வோல்டேஜ் காட்டுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, கோத்துக் கொடுத்தார். அதைப் போட்ட அன்று சைக்கிள் திரும்பிவர நான்கு நாள் ஆனது. மட்கார்டில் உருகாத பனி ஒட்டியிருந்தது. வந்து நின்ற விதத்தில்தான் அவளுக்குச் சந்தேகம். முன்பெல்லாம் முன்சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து நிற்கும். இப்போது தெருப்பக்கம் பார்த்து நின்றது, வந்த வீட்டில் பையைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கும் உறவினர் மாதிரி.

“டைனமோ சேத்துட்டா பாதிங்கறதே வராதும்மா” என்றார் கடைக்காரர். “ஓட ஓட தானா நெரம்பிக்கும்.”

“பாதி வரலன்னா அது எப்பத் திரும்பும்?”

அவர் மீட்டரை அணைத்தார். “நான் பேட்டரிக்குத்தாம்மா கியாரண்டி குடுக்க முடியும்.”

டைனமோவையும் வாங்கி வந்து நாலு செல்லுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். ஒன்றைப் போட்டால் அவன் தினமும் வருவான், ஆனால் தினமும் அந்த வளைவில் நிற்பான். இன்னொன்றைப் போட்டால் எங்கும் நிற்க வேண்டாம், வரவும் மாட்டான். இன்றைக்கு நாலு செல் இருக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். நோட்டை எடுத்து அவன் விட்ட இடத்திலிருந்து கோடு போட்டு எழுதத் தொடங்கினாள். பதினோரு வாரம் போனது. பதினோரு வாரமும் சைக்கிள் வளைவில் நின்றது.

இந்நிலையில் தன் நூலின் திருத்திய பதிப்போடு வோல்ட் சார் வந்தார். ஓட்டுநரற்ற வாகனங்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுரையை வாசிக்க ஆரம்பித்தவர், மேஜைமேல் இருந்த டைனமோவையும் நோட்டில் தன் கையெழுத்தில் இருந்த கணக்குகளையும் பார்த்து நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நாலு செல்லே போதும்மா. வேலைக்குப் போயிட்டு வர ஆறு மைலுக்கு அது தாராளம். முதல் ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா சார்?”

“அவன் ஒருத்தன்தான் கேக்க வருவான். சொல்லிட்டா அடுத்த வாரம் வர மாட்டானேன்னு…”

அவள் அவரைத் திட்டவில்லை. நோட்டில் தான் பதினோரு வாரமாக எழுதிய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க சார்” என்றாள். அவர் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு, டீ குடிக்காமல் போனார்.

அடுத்த நாள் பகலில் அவள் டைனமோவை மாட்டி லித்தியம் செல்லோடு இணைத்தாள். கிழிந்திருந்த சீட்டுக்குக் காலர்த் துணியில் புது உறை தைத்து, உட்பக்கம் வீட்டு விலாசத்தை நூலால் எழுதினாள். ஐந்தே முக்கால் ஆயிற்று. சைக்கிள் கிளம்பவில்லை. ஆறு மணி வரை நின்றது. மகள் உள்ளே போய்விட்டாள். ஊர் விட்டு ஊர் போகிற யாருக்கும், ஏன் கடைக்குப் போகிறவனுக்கும்கூட, போயிட்டு வாங்க என்றுதான் சொல்வது. அவள் ஹேண்டில்பாரைத் தெருப்பக்கம் நேராக்கிவிட்டு, “போங்க” என்றாள்.

போனது. குடோன் வளைவில் அது வேகம் குறைக்கவில்லை என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். நகராட்சி அந்த வளைவில் ஒரு தெருவிளக்கு போட்டு, ஆணையரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டவைத்தது. அவர் ஒளியைப் பற்றி முக்கால்மணி நேரம் பேசினார். தெருவில் உலை வைக்கிற நேரத்துக்குக் கொஞ்ச நாள் தடுமாறி, பிறகு கடிகாரத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து தபாலட்டைகள் வரத் தொடங்கின. தெரியாத ஊர்கள், தெரியாத கையெழுத்துகள், சில தெரியாத எழுத்துகள்கூட. மகள் யார் யாரிடமோ காட்டிப் படித்துக்கொண்டு வந்து சொல்வாள். மாலையில் எங்கள் பாலத்தைக் கடந்தது, கழுதைகளுக்கு வழிவிட்டது, ஒரு மழைக்கு எங்கள் கொட்டகையில் ஒதுங்கி நின்றது. அவள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “வெளிச்சம் எப்படி இருக்காம்?” என்று மட்டும் கேட்பாள். போன மாதம் வந்த அட்டையில், ஒரு மலையடிவாரத்துக்காரர், பின்பக்கச் சிவப்பு விளக்கு ரொம்ப தூரம் வரை தெரிந்தது என்றும், ஒரு லாரி ஒதுங்கி வழிவிட்டது என்றும் எழுதியிருந்தார். மகள் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். சரி என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காலரை எடுத்துத் தைத்தாள்.