பாதிக் கதவு

...பாதிக் கதவு, பாதிக் கதவு, மூன்று எழுத்துக் கதவை எப்படிப் பாதியாக்குவது, ஒன்றரை எழுத்தா, ஒன்றரை எழுத்தை எந்தக் கட்டத்தில் கொண்டுபோய் வைப்பது, காலையிலிருந்து இந்த ஒரே குறிப்போடு மல்லுக்கட்டுகிறேன், டீ ஆறி ஏடு படிந்துவிட்டது, துவைத்த துணி இயந்திரத்துக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. "மழைக்கு முன் பாதிக் கதவு, துணி அடுக்கலாம்", நான்கு எழுத்து. விடை அலமாரி. அதில் சந்தேகமே இல்லை, மேலிருந்து இறங்குகிற சொற்கள் அ-வையும் மா-வையும் ரி-யையும் கொடுத்துவிட்டன, துணியை அலமாரியில்தான் அடுக்க வேண்டும், மழை என்றால் மாரி, ஆக பின்பாதி உட்கார்ந்துவிட்டது. மிச்சம் அல. பாதிக் கதவு எப்படி அல ஆகும்? கதவுக்கு எனக்குத் தெரிந்த வேறு பெயர்களையெல்லாம் எழுதி, தலையை வெட்டி, வாலை வெட்டி, திருப்பிப் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றிலும் அல இல்லை. விடை தெரிந்த பிறகும் வழி தெரியவில்லை என்பதைப் போல எரிச்சல் மூட்டுவது வேறு எதுவுமில்லை, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வாசல் எங்கே என்று தேடுகிற மாதிரி. விடையைப் போட்டோமா போனோமா என்று இருக்க நான் வாசகி இல்லை. கொக்கி என்ற பெயரில் வாரப் பத்திரிகையில் வருகிற குறுக்கெழுத்துக்கு, மறுவாரம் விடை விளக்கம் எழுதுகிறவள். எந்தச் சொல்லை எங்கே வெட்டி எங்கே ஒட்டினால் விடை வரும் என்று ஒவ்வொரு குறிப்புக்கும் சொல்லியாக வேண்டும். கொக்கி வேறு யாருமில்லை, முன்னறையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து அடுத்த வாரப் புதிருக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கும் என் அக்காதான்.

எழுந்து போய்க் கேட்டால் நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்கக் கூடாது. அது சட்டம். "கேட்டு எழுதினா அது விளக்கமா, ஒப்பிக்கறதா? உனக்கே புரியலைன்னா படிக்கிறவனுக்கு எப்படிடி புரியும்?" என்று அவளே போட்ட சட்டம், போட்டவள் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், நான்தான் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், இந்த வயதில். அத்தான் போன பிறகு ஒரு பெட்டியும் அகராதிகளுமாக இங்கே வந்து சேர்ந்தாள், வந்த அன்றே முன்னறை அவளுடையதாகிவிட்டது, வானொலி அவளுடைய சத்தத்துக்கு இறங்கிவிட்டது, என் வீட்டுக்காரர்கூட செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுகிறார். எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இந்தப் பாதிக் கதவு... தொலைபேசி வேறு. பத்திரிகையிலிருந்து உதவி ஆசிரியர் பெண், மரியாதையாகத்தான் கேட்கிறாள், மேடம் விளக்கம் மதியத்துக்குள்ள வந்துடுமா, பக்கம் முடிக்கணும், அந்த பாதிக் கதவு எங்க யாருக்குமே புரியலை மேடம், அச்சாகிப் போச்சு, தப்புன்னா சொல்லிடுங்க, கீழே ஒரு வரி பிழைக்கு வருந்துகிறோம்னு போட்டுடலாம், ஒண்ணும் பிரச்சினை இல்லை என்றாள். ஒண்ணும் பிரச்சினை இல்லையாம். கொக்கியின் புதிருக்குக் கீழே அப்படி ஒரு வரி இதுவரை வந்ததில்லை. வந்தால் அக்கா அதைப் படிப்பாள், பத்திரிகை வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாள், படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டு, அதோடு கட்டம் போடுவதை நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் அப்புறம் காலையில் எதற்காக எழுந்திருப்பாள்? அவள் தப்புப் போட மாட்டாள், எனக்குத்தான் புரியவில்லை என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். "உங்களுக்கே புரியலைன்னா சரிதான் மேடம்."

புரியாமல் போவது இது முதல் தடவையும் இல்லை என்பதுதான் எரிச்சல். போன மாதம் "கடித்தபின் இனிக்கும், நேரம் காட்டும்" என்று ஒன்று. கடிகாரம், குழந்தைகூடச் சொல்லும். கடி, அப்புறம் காரம். காரம் என்றால் உறைக்கும் என்றல்லவா இருக்க வேண்டும், இனிக்கும் என்றால் எப்படி? அன்றைக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில், உறைப்பை விரும்புகிறவருக்கு அது இனிப்புத்தானே, கொக்கியின் குறும்பு என்று எழுதி அனுப்பினேன். அதைப் படித்துவிட்டு ஒரு பல் மருத்துவர், வாரா வாரம் எழுதுகிறவர், கொக்கி இப்போதெல்லாம் வேறு உயரத்துக்குப் போய்விட்டார், முன்பெல்லாம் அரை மணியில் முடிப்பேன், இப்போது இரண்டு நாள் ஆகிறது என்று உருகியிருந்தார். அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "பல்லைப் பிடுங்கறவனுக்கே வலிச்சிருக்கு பாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒன்றில் எண்ணிக்கை இடித்தது, நான்கு எழுத்து என்று போட்டு ஐந்து எழுத்து விடை, அது அச்சுப் பிழை என்று நானே முடிவுகட்டி உதவி ஆசிரியரை ஒரு பிடி பிடித்தேன், பாவம் அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்டாளே தவிர, எங்க கிட்ட வந்த தாள்லயும் நாலுன்னுதான் மேடம் இருக்கு என்று மெதுவாகச் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் போட்டுக்கொள்ளவில்லை? அக்காவாவது எண்ணிக்கையில் தப்புவதாவது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், ரிக்‌ஷாக்காரரிடம் சில்லறை வாங்கும்போதுகூட எண்ணாமல் கையில் எடை பார்த்துச் சொல்கிறவள்...

"என்னடி, கதவு இன்னும் திறக்கலையா?" முன்னறையிலிருந்து குரல். அதில் கேலி இருக்கிறது, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நீதான் பூட்டிட்டு சாவியை முழுங்கிட்டியே" என்று கத்தினேன். "அப்ப ஜன்னல் வழியா வா" என்றாள். ஜன்னலா? ஜன்னலில் துப்பு ஏதாவது கொடுக்கிறாளா? ஜன்னலையும் வெட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. துப்பெல்லாம் கொடுக்க மாட்டாள். முன்பு கொடுப்பாள், கொடுக்காமல் அவளால் இருக்கவே முடியாது, இந்த அலமாரிக்கே ஒரு தடவை... இந்த அலமாரிக்கே. ஆமாம், அலமாரி முன்பு வந்திருக்கிறது. அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில். "மழைக்கு முன் பறவையின் மூக்கு நுனி ஒடிந்தால் துணி அடுக்கலாம்." மூக்கு என்றால் அலகு, நுனி ஒடிந்தால் அல, அப்புறம் மாரி, என்ன அழகு, எங்கேயும் ஒரு பிசிறு கிடையாது. அன்றைக்கு நான் திணறியபோது இந்த நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு ஒரு விரலை மடக்கி என் தோளில் கொத்தினாளே, கொத்திக் கொத்திச் சிரித்தாளே, கண்டுபிடிக்கிற வரைக்கும் விடவில்லை, மத்தியானம் வரைக்கும் தோள் வலித்தது. அப்படி ஒரு மூக்கை வைத்திருந்தவள் இப்போது எதற்குப் பாதிக் கதவைக் கொண்டுவந்து ஒட்டுகிறாள்? ஒரே விடைக்கு இரண்டாவது வழி தேடியிருக்கலாம், தேடுவாள், பிடிவாதக்காரி. கிடைத்த மாதிரி தோன்றியிருக்கும். எதுவோ ஒன்று பாதியில்... பேனாவை வைத்துவிட்டேன். கேட்கக் கூடாது என்ற சட்டம் எப்போது வந்தது? அன்றைக்கு இல்லை. அன்றைக்கு நான் கேட்காமலே தோளில் கொத்தினாள். பல வருடம் அப்படித்தான், வாய் திறக்காதே அக்கா என்று நான்தான் அவளை விரட்டியிருக்கிறேன். சட்டம் இந்த வருடம்தான் வந்தது. முதலில் யாருடைய பாதுகாப்புக்காக என்று எனக்குத் தோன்றவே இல்லை, எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான்.

எழுதினேன். வேறு என்ன செய்வது, ஒரு மணி அடிக்கப்போகிறது. "அலர்தல் என்றால் மலர்தல், விரிதல். முழுதும் விரிந்த கதவு அலர். பாதியே விரிந்ததால் கடைசி எழுத்து உள்ளே வர முடியவில்லை. ஆகவே அல." படித்துப் பார்த்தேன். பொய் என்பதே தெரியாத பொய், பல் மருத்துவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், சட்டத்தை மீறி, "அக்கா, பாதிக் கதவுக்கு நீ என்ன நினைச்சுப் போட்ட?" என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை, பென்சிலால் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே கறுப்பாக இருந்த கட்டம். "நீ என்ன எழுதியிருக்க, அதைச் சொல்லு." படித்தேன். பாதியில் பென்சில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். "இன்னொரு தடவை படி" என்றாள். மறுபடி படித்தேன், இந்தத் தடவை மெதுவாக, ஏன் மெதுவாகப் படித்தேன் என்று தெரியவில்லை, அலர், பாதியே விரிந்தது, ஆகவே அல. அவள் உதடு கூடவே அசைந்தது. "அதேதான்" என்றாள். "அதேதான் நினைச்சேன். பரவால்லையே, கண்டுபிடிச்சுட்டியே." முகத்தில் ஒரு தெளிவு, வழி தெரியாமல் திரிந்தவளுக்கு யாரோ வீட்டைக் காட்டிவிட்ட மாதிரி. என் விளக்கத்துக்குக் காத்திருந்தவர்கள் பத்திரிகைக்காரர்கள் மட்டும் இல்லை. வாராவாரம் என் விளக்கம் அச்சில் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் பிரிப்பாளே, இரண்டு மூன்று தடவை படிப்பாளே, என்னிடம் குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று நினைத்து எத்தனை தடவை உள்ளுக்குள் திட்டியிருப்பேன்.

தொலைபேசி மறுபடி அடித்தது, அந்தப் பெண்தான், எடுக்கவில்லை. அனுப்பலாம், அனுப்பாமல் இருக்கலாம், அந்த ஒரு வரியைப் போடச் சொல்லலாம், டாக்டரிடம் கூட்டிப் போகலாம், எந்தப் பொய்யைச் சொல்லிக் கூட்டிப் போவது? அவளை எதைச் சொல்லியும் ஏமாற்ற முடியாது என்றுதான் இத்தனை நாளும்... "அடுத்த வாரம் கொஞ்சம் சுலபமாப் போடேன் அக்கா" என்றேன், குரலைச் சலிப்பாகவே வைத்துக்கொண்டேன், மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். "ஏன், முடியலையா உனக்கு?" "முடியலை, மண்டை காயுது." அவள் அந்தக் கறுப்புக் கட்டத்தை விரலால் தேய்த்தாள், விரலில் கரி ஒட்டியது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுலபமாப் போடறதுதாண்டி இப்ப கஷ்டமா இருக்கு" என்றாள். தொலைபேசி அடித்து ஓய்ந்தது. அந்த இப்ப-வைத் தெரிந்துதான் சொன்னாளா, தானாக வந்து விழுந்ததா. அவளுடைய குறிப்புகளில் ஒரு சொல்கூடச் சும்மா நிற்காது.