சுலோச்சனா வாங்கிய சீட்டு மேசை

யுத்தம் முடிந்து அரக்கோணத்துப் பட்டாளக் கேம்பைக் கலைத்தபோது, அங்கே மிஞ்சிய தட்டுமுட்டுச் சாமான்களை எல்லப்பன் ஏலத்தில் எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றித் திருத்தணித் தெருக்களில் விற்றுக்கொண்டு வந்தான். கட்டில்களுக்கும் கொசுவலைகளுக்கும் அடியில் எட்டு மூலையுள்ள மடக்கு மேசை ஒன்று கிடந்தது.

"இது இன்னாத்துக்கு எல்லப்பா?" என்று கேட்டாள் சுலோச்சனா.

"சீட்டாடறதும்மா. சோல்ஜருங்க சுத்தி உக்காந்துகினு போக்கர் ஆடுவாங்களாம். ஒரு காலு ஆடுது. உங்களுக்கு எதுக்கு?"

"எறக்கி வை" என்றாள்.

அவள் கணவன் சிவப்பிரகாசம் அரக்கோணம் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. ஐந்து மணிக்கே வேலை முடிந்துவிடும். ஆனால் சிநேகிதர்களோடு கிளப்பில் சீட்டாடிவிட்டுக் கடைசி வண்டியில்தான் வீடு திரும்புவான். கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். "நீ சாப்ட்டியா?" என்று கேட்பான், பதில் வருவதற்குள் கண்ணயர்ந்துவிடுவான். கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லாத வீட்டில் சாயங்காலம் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத்தான் தெரியும். மேசை வீட்டுக்கு வந்தால் ஆளும் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நினைத்தாள்.

மேல்துணி முழுக்கச் சுருட்டுச் சூடு. அதை உரித்தாள். காய்ந்த பசையை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினாள். துருவேறிய கீல்களுக்கு மண்ணெண்ணெய் விட்டாள். ஆடிய காலுக்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் அசையாமல் வைத்தாள். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க அழுக்குக்குள்ளிருந்து மரத்தின் ரேகை எழும்பி வந்தது. துணிக்குத்தான் திண்டாட்டம், ரேஷன் காலம். எல்லப்பனிடமே ஒரு வெள்ளைக் கம்பளி வாங்கி, அம்மையார்குப்பத்தில் நூலுக்குச் சாயம் போடும் குப்பம்மாளிடம் கொடுத்தனுப்பினாள். பாசி பிடித்த குளத்தின் பச்சையில் அது திரும்பி வந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டும்போது, இந்தப் பக்கம் அவர், எதிரே நான் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதை விரித்து வைத்தாள். சிவப்பிரகாசம் கம்பளியைத் தடவிப் பார்த்தான்.

"நீயா பண்ணே?"

"ஆங்."

"கிளப்புல கூட இப்டி ஒண்ணு இல்லியே."

மறுநாளே ஆறு மணி வண்டியில் கிளப் சிநேகிதர்கள் கஜபதியையும் பக்தவச்சலத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதன்பிறகு தினமும் ஆட்டம் இங்கேதான். சுலோச்சனா காபி கலந்தாள், வடை தட்டினாள். கூடத்திலிருந்து அவன் சிரிப்பது கேட்டது. தொண்டையைத் திறந்து, மூச்சுத் திணறச் சிரிக்கும் சிரிப்பு. ஆறு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். முன்பு அவன் எட்டு மைலுக்கு அப்பால் இருந்தான். இப்போது ஒரு சுவருக்கு அப்பால். இதுதான் அதிகம் வலித்தது.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஐப்பசி மழையில் ஒருநாள் சிநேகிதர்கள் வரவில்லை. சிவப்பிரகாசம் தனியே உட்கார்ந்து சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். காபியை வைத்த சுலோச்சனா உள்ளே போகாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னா?"

"எனக்கும் போடுங்க."

"ஒனக்கு ரம்மி தெரியுமா?"

"மூணு மாசமா அடுப்பாண்ட நின்னு கேட்டுகினுதானே இருக்கேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டுப் போட்டான். போட்ட வேகத்தில் இரண்டு சீட்டு அவள் மடியில் விழுந்தது. எட்டி எடுத்து, வரிசைப்படுத்திக் கொடுத்தான். அவள் தனக்கு வேண்டிய சீட்டையே தூக்கிப் போட்டாள். அவன் சிரித்தான். அதே சிரிப்பு. உலையில் சோறு குழைந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கஜபதியும் பக்தவச்சலமும் வந்துவிட்டார்கள். அவள் வழக்கம்போல் காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் நிமிரவில்லை. திரும்பும்போது சிவப்பிரகாசம் சீட்டிலிருந்து கண்ணெடுக்காமலே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"ஞாயித்துக்கெழம இவங்கள வரவேணாம்னு சொல்லிட்டேன்."

"ஆங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று புதன்கிழமை. ஞாயிறு வர இன்னும் நாலு நாள் இருந்தது.