கடைசி அடி

புஷ்பலீலா ஓஹையோவில் குடியிருந்த கட்டடத்தில் மற்ற வீடுகளிலெல்லாம் பாட்டுகள் குடியிருந்தன. எல்லாம் அந்த எண்பத்திரண்டில் அமெரிக்காவே முணுமுணுத்த பாட்டுகள். முதலிடத்துப் பாட்டுக்கு உச்சி மாடி. நாற்பதாம் இடத்துக்குத் தரைத்தளத்தில் அவளுடைய எதிர் வீடு. சனிக்கிழமை காலை ரேடியோ அந்த வாரத்து முதல் நாற்பது பாட்டுகளின் வரிசையை அறிவிக்கும். உடனே பாட்டுகள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வீடு மாறும். நாற்பதுக்கும் கீழே இறங்கினால் தெருதான்.

அவள் நர்ஸ். கணவன் அருமைராஜ் பாளையங்கோட்டையில் விசாவுக்குத் தவம் கிடந்தான். இருவரும் கேசட்டில் பேசிப் பதிந்து தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அவன் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுப் பாட்டு கதவைத் தட்டியது. தோளில் பஞ்சு வைத்த கோட்டு. நடந்தால் டிரம் சத்தம் கேட்டது.

"நாளைக்கு என்னைக் காலி பண்ணச் சொல்லிருவாங்கக்கா."

"ஏன், நல்லாத்தான இருக்க?"

"எனக்கு முடிவு இல்ல. கடைசி அடி வாரதுக்குள்ள ரேடியோக்காரர் வாயத் தொறந்து மழை, பனின்னு சொல்லுதாரு. என்னை முழுசா ஒருத்தருக்கும் தெரியாது."

புஷ்பலீலாவுக்குப் பாவமாக இருந்தது. ரேடியோவில் அது வந்ததும் பதிந்தாள். வேறு கேசட் இல்லை. அருமைராஜுக்குப் பேசி வைத்திருந்ததன் மேலேயே பதிந்து அனுப்பிவிட்டாள். பாட்டின் வாலில் பேசிய ரேடியோக்காரரும் கூடவே போனார். சனிக்கிழமை எதிர் வீட்டில் வேறொரு பாட்டு குடியேறியது.

பதில் கேசட் வந்தது.

"ஏளா லீலா, உன் பேச்சக் காணும். பாட்டுதான் வந்துச்சு. உக்கார வச்சு சுக்குக்காப்பி குடுத்தேன். இப்ப தெருவே பாடுது. கடைசி அடிதான் உசத்தி. கேளு."

அருமைராஜ் பாடினான். நாளை எட்டு அங்குலம் பனி விழும், வண்டியை மெதுவாக ஓட்டவும். பின்னாலேயே வேதக்கோயில் பாடகர் குழு அதை நாலு குரலில் எடுத்தது. புஷ்பலீலா அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை நாற்பதாம் இடத்தில் அதே பாட்டை அறிவித்தார்கள், முடிவோடு. அவள் கதவைத் திறந்தாள். நடை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அந்தக் கோடியிலிருந்து பாட்டு வந்தது. பின்னால் டிரங்குப் பெட்டியோடு அருமைராஜ். சட்டையில் பனி ஒட்டியிருந்தது.

"விசா குடுத்துட்டாங்களா?"

"கடைசி அடிக்கு விசா வேண்டாமாம். நாந்தான் கடைசி அடி."

"பாட்டு இறங்கிட்டா?"

"ஏறுவோம்ளா."

கடைசி அடி பாட்டோடுதான் குடியிருக்க வேண்டும். அது கட்டடத்து விதி. புஷ்பலீலா தன் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். நடையிலேயே கடைசி அடியைப் பாடிப் பார்த்தாள். சுருதி சேர்ந்தது.

எதிர் வீட்டில் பெட்டியை இறக்கினார்கள். அடுத்த சனிக்கிழமை மாடியேற வேண்டும் என்பதால் யாரும் அதைப் பிரிக்கவில்லை.